மார்பிள் சிற்பம் எப்படிச் செதுக்கினார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலைப் படத்தைப் பார்த்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது "இதை எப்படிய்யா செதுக்கினான்?" என்ற கேள்விதான். அப்புறம்தான் அழகு, வரலாறு எல்லாம். இங்கே உள்ள பதில்கள் பெரும்பாலும் இத்தாலியப் பட்டறை முறையைப் பற்றியவை. 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை, மின்கருவிகள் வருவதற்கு முன் நடந்த வேலை. கிரேக்க, ரோமானிய வழக்கங்கள் தேவைப்படும் இடத்தில் வரும்.

வீட்டுத் தரையில் போடும் மார்பிளும் சிலைக்கான மார்பிளும் ஒன்றா?

குடும்பம் ஒன்றுதான், தரம் வேறு. சுண்ணாம்புப் பாறை பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி படிகமாகி உருவானது மார்பிள். அதில் பெரும்பகுதி கால்சைட் என்ற கனிமம். தரைக்குப் போடும்போது சாம்பல் கோடுகள் ஓடினால் அழகு என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். சிற்பிக்கு அந்தக் கோடு எதிரி. முகத்தின் நடுவே ஒரு கரும்கோடு வந்து நின்றால் அவ்வளவு நாள் வேலையும் போயிற்று.

இத்தாலியில் டஸ்கனியின் வடமேற்கே அபுவான் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே கராரா ஊரைச் சுற்றியுள்ள சுரங்கங்களில் ரோமானியர் காலத்திலிருந்து கல் வெட்டுகிறார்கள். அதில் மணி நுண்ணியதாக, நிறம் சீராக, நரம்பு இல்லாமல் கிடைக்கும் கல்லுக்கு ஸ்டாட்டுவாரியோ என்று பெயர். வெட்டி எடுப்பதில் அது சிறு பங்குதான். கிரேக்கர்களுக்குப் பாரோஸ் தீவின் கல் பெயர்போனது. ஏதென்ஸுக்குப் பக்கத்திலுள்ள பென்டெலி மலைக் கல்லில்தான் பார்த்தெனான் கோயில் கட்டப்பட்டது. பென்டெலிக் கல்லில் கொஞ்சம் இரும்பு கலந்திருப்பதால் காலப்போக்கில் அது பொன்னிறம் ஏறும்.

கல்லைத் தேர்ந்தெடுக்க இரண்டு சோதனைகள். தண்ணீர் ஊற்றி நனைத்தால் மறைந்திருக்கும் கோடும் கீறலும் கருத்துத் தெரியும். சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். கருங்கல் வேலை செய்யும் நம் ஸ்தபதிகளும் கல்லைத் தட்டி ஓசை கேட்டுத்தான் எடுக்கிறார்கள்.

கருங்கல்லைவிட மார்பிளில் வேலை செய்வது சுலபமா?

வெட்டுவதற்குச் சுலபம், காப்பாற்றுவதற்குக் கஷ்டம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மார்பிள் சுமார் 3. கருங்கல்லில் உள்ள கனிமங்கள் 6, 7 என்று போகும். கருங்கல்லில் உளி வெட்டிக்கொண்டு ஓடாது. ஏறக்குறைய நேராக நிறுத்தி அடித்து, கல்லை நொறுக்கி நொறுக்கித்தான் உருவம் கொண்டுவர வேண்டும். மார்பிளில் உளியைச் சாய்த்துப் பிடித்தால் அது கல்லைச் சீவிக்கொண்டு முன்னே போகும். பின்னால் வாய்க்கால் போல ஒரு தடம் விழும். அதனால்தான் மெல்லிய துணி மடிப்பு, காதோரச் சுருள்முடி, உள்ளீடற்ற இடுக்குகள் எல்லாம் மார்பிளில் சாத்தியமாயின.

இன்னொரு வித்தியாசம் ஒளி. நல்ல மார்பிளுக்குள் வெளிச்சம் கொஞ்சம் தூரம் நுழைந்து சிதறித் திரும்பும். தோல் போன்ற அந்த மென்மை அங்கிருந்துதான் வருகிறது. கருங்கல் சிலைக்கு அது கிடையாது. ஆனால் கருங்கல் மழையிலும் எண்ணெய்க் காப்பிலும் நூற்றாண்டுகள் நிற்கும், மார்பிள் மழைநீரின் லேசான அமிலத்திலேயே அரிக்கப்படும்.

மலையிலிருந்து கல்லை எப்படி இறக்கினார்கள்?

இயற்கையாக ஓடும் விரிசலைக் கண்டுபிடித்து, அதை ஒட்டி வரிசையாகக் குழி வெட்டி, இரும்பு ஆப்புகளை அடித்து இறக்குவார்கள். காய்ந்த மர ஆப்பைச் செருகித் தண்ணீர் ஊற்றினால் அது ஊதிக் கல்லைப் பிளக்கும் என்பதும் பழைய முறை. கல் பிரிந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. ஒரு கன மீட்டர் மார்பிள் சுமார் 2.7 டன் எடை. அதை மரச்சட்டத்தில் ஏற்றி, சோப்பு தடவிய கட்டைகள் மேல் வழுக்கவிட்டு, பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துச் சரிவில் இறக்குவார்கள். லிட்ஸாத்தூரா என்ற இந்த முறை 20-ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. கயிறு அறுந்தால் முன்னால் கட்டை வைக்கும் ஆள் தப்புவது அரிது. அருங்காட்சியகப் பலகைகளில் சிற்பியின் பெயர் மட்டுமே இருக்கும், கல்லை இறக்கியவர்கள் பெயர் எங்கும் இருக்காது.

மைக்கலாஞ்சலோ இதைச் சுரங்கக்காரர்களிடம் விட்டுவிடவில்லை. போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காக 1505-இல் கராராவிலேயே மாதக்கணக்கில் தங்கி, கல்லைத் தானே பார்த்துப் பொறுக்கினார்.

நேரடியாகக் கல்லில் ஆரம்பித்துவிடுவார்களா?

கிட்டத்தட்ட யாரும் ஆரம்பிக்கவில்லை. முதலில் களிமண்ணிலோ மெழுகிலோ கையடக்கமான மாதிரி. கல்லில் ஒட்டிச் சேர்க்க முடியாது, எடுக்க மட்டுமே முடியும். ஆகவே யோசிக்கிற வேலையெல்லாம் களிமண்ணிலேயே முடிந்துவிட வேண்டும்.

மைக்கலாஞ்சலோவின் முறையை வசாரி என்ற சமகாலத்தவர் விளக்கியிருக்கிறார். மெழுகுப் பொம்மையைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்கவைத்து மெல்ல மேலே தூக்கினால், முதலில் உயரமான பகுதிகள் மட்டும் தெரியும். முழங்கால், மார்பு, மூக்கு. பிறகு அடுத்த மட்டம், அப்புறம் அதற்கடுத்தது. கல்லிலும் அதே வரிசையில் முன்புறத்திலிருந்து உள்நோக்கிப் போக வேண்டும் என்றார். பின்பக்கத்துக் கல் அப்படியே இருப்பதால், வழியில் கணக்குத் தப்பினாலும் இன்னும் உள்ளே போய் மாற்றிக்கொள்ள இடமிருக்கும். புளோரன்ஸின் அக்காதெமியா அருங்காட்சியகத்தில் அவர் பாதியில் விட்ட புனித மத்தேயு சிலை இருக்கிறது. உடல் முன்பக்கமாகக் கல்லிலிருந்து வெளியே வருகிறது, பின்பக்கம் இன்னும் பாறைதான். முறையைப் புரிந்துகொள்ள டேவிட்டைவிட அதுதான் நல்ல பாடம். பக்கத்திலேயே இருந்தும் கூட்டம் டேவிட்டின் காலடியில்தான் நிற்கும்.

எல்லாரும் இப்படி ஒரே முகத்திலிருந்து போகவில்லை. பழைய கிரேக்கச் சிற்பிகள் நான்கு பக்கமும் வரைந்துகொண்டு, சுற்றிச் சுற்றி ஒரே சீராகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். நாக்சோஸ் தீவில் அப்பல்லோனாஸ் என்ற இடத்தில் பத்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள சிலை ஒன்று சுரங்கத்திலேயே படுத்துக் கிடக்கிறது. முழு உருவமும் எல்லாப் பக்கமும் ஒரே அளவு தோராயமாக வெட்டப்பட்டு, பாதியில் நிற்கிறது.

என்னென்ன கருவிகள், எந்த வரிசையில்?

கருவிகள் குறைவு. வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு கருவியும் முந்தைய கருவி விட்டுப்போன காயத்தை எடுத்துவிட்டு, தன்னுடைய சிறிய காயத்தை விட்டுப் போகிறது. மொத்த வேலையும் இதுதான் என்று சொல்லலாம்.

முதலில் கூர் உளி. இத்தாலியில் சுப்பியா என்பார்கள். கனமான சுத்தியலால் அடித்து, பெரிய சில்லுகளாகப் பெயர்த்தெடுப்பதற்கு. இறுதிப் பரப்புக்குச் சில சென்டிமீட்டர் வரை இதிலேயே வந்துவிடலாம். ஆனால் நெருங்க நெருங்க உளியைச் சாய்த்துக்கொண்டே வர வேண்டும். நேராக நிறுத்தி ஓங்கி அடித்தால் மேலே குழி விழுவதோடு நிற்காது, அதற்குக் கீழே படிகங்களுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இறங்கும். அப்போது ஒன்றும் தெரியாது. கடைசியில் மெருகேற்றும்போது கன்னத்திலோ தோளிலோ சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைப் பொட்டு வந்து நிற்கும். தேய்த்தால் போகாது, அந்த ஆழம் வரை கல்லையே எடுக்க வேண்டும். பல மாதம் முன்னால் அடித்த ஒரு தவறான அடி அப்போதுதான் கணக்குக் கேட்கும்.

அடுத்து பல் உளி, கிரதீனா. முனையில் சீப்பு போலப் பற்கள் இருக்கும். கிரேக்கர்கள் கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். கூர் உளி விட்ட மேடுபள்ளத்தை இது சமன்படுத்தும். பற்களுக்கு இடையில் கல் கொஞ்சம் நிற்பதால் திடீரென்று ஆழமாகப் போய்விடாது. பென்சிலால் நிழல் போடுவது போல வளைவைத் தொடர்ந்து கோடு கோடாக ஓட்டலாம். மைக்கலாஞ்சலோ முடிக்காமல் விட்ட அடிமைகள் சிலைகளில் இந்தக் கோடுகள் தசையைச் சுற்றி எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்தால், அவர் கை எங்கே திரும்பியது என்பதுவரை தெரியும்.

பிறகு பட்டை உளி, குழிவான இடங்களுக்கு வட்டமுனை உளி. பல் உளியின் கோடுகளை இவை சீவி எடுக்கும். அதன்பின் அரம். நேரான அரம், வளைந்த அரம், விரல் நுழையாத இடுக்குக்குக் கம்பி போல மெல்லிய அரம். இத்தனைக்கும் பிறகுதான் தேய்ப்பு.

சுத்தியல் மென்மையான இரும்பில் இருக்கும். அப்போதுதான் உளித்தலையில் பட்டு வழுக்காமல் பிடிக்கும். உளிகளைப் பட்டறைக் கொல்லர் அடிக்கடி காய்ச்சிக் கூராக்கித் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சுருள்முடி, துணி மடிப்பு மாதிரி ஆழமான இடங்களை எப்படிச் செய்தார்கள்?

துளைபோட்டு. வில்லால் சுழற்றும் துரப்பணம், அல்லது ஒருவர் தண்டைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வாரை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் துரப்பணம். மடிப்பின் ஆழத்தில் வரிசையாகத் துளை போட்டு, துளைகளுக்கு நடுவே நிற்கும் மெல்லிய சுவர்களை உளியால் உடைத்தால் நீளப் பள்ளம் கிடைத்துவிடும். அந்த இடத்தில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் பக்கத்து மடிப்பு தெறித்துவிடும், துரப்பணம் அதிர்ச்சி தராது.

ரோமானியத் தலைச்சிலைகளில் முடிக்குள் சின்னச் சின்ன வட்டக் குழிகள் தெரிந்தால் அவை இதன் தடம்தான். பேரரசர் ஹேட்ரியன் காலத்திலிருந்து, அதாவது கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், கண்மணியையும் துளையிட்டுக் காட்டும் வழக்கம் பரவியது. அதற்கு முன் கண்ணில் வண்ணம் தீட்டிவிடுவார்கள்.

களிமண் மாதிரியிலிருந்து கல்லுக்கு அளவை எப்படி மாற்றினார்கள்?

என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் சுவாரஸ்யமான பகுதி இதுதான். ஆனால் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள், மேதைக் கதையை இது கொஞ்சம் கெடுத்துவிடுகிறது என்பதாலோ என்னவோ.

பழைய முறை, தூக்குக்குண்டும் கவராயமும். மாதிரியைச் சுற்றி ஒரு சட்டம், கல்லைச் சுற்றி அதே போல ஒரு சட்டம். சட்டத்திலிருந்து தொங்கும் நூலுக்கும் மூக்கு நுனிக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து, அதே தூரம் வரும்வரை கல்லில் உள்ளே போவது. கிரேக்க வெண்கலச் சிலைகளை மார்பிளில் நகல் எடுத்த ரோமானியரும் புள்ளி குறித்து அளந்தார்கள். அளவுக்காக விட்ட சிறு குமிழ்கள் முடிக்கப்படாத சில சிலைகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது ஒரு கருவியாகவே வந்துவிட்டது. சிலுவை வடிவ மரச்சட்டம், அதற்கு மூன்று கால்கள். களிமண்ணிலிருந்து வார்த்தெடுத்த பிளாஸ்டர் மாதிரியில் மூன்று நிலையான புள்ளிகள், பொதுவாகக் கீழே இரண்டு, மேலே ஒன்று. கல்லிலும் அதே மூன்று. சட்டம் எதில் மாட்டினாலும் ஒரே நிலையில் உட்காரும். சட்டத்தில் மடக்கி நீட்டும் பித்தளைக் கை, கையின் முனையில் குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடும் ஊசி. மாதிரியின் கன்னத்தில் ஊசி முனையைத் தொடவைத்து, கையின் மூட்டுகளை முடுக்கி, ஊசி அந்த ஆழத்தைத் தாண்டாதபடி ஒரு தடையைப் பூட்டிவிடுவார்கள். பிறகு ஊசியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சட்டத்தைத் தூக்கிக் கல்லில் மாட்டுவார்கள். ஊசி கல்லில் முட்டி நிற்கும். எவ்வளவு மிச்சம் தள்ளி நிற்கிறதோ அவ்வளவு கல்லை அந்த இடத்தில் எடுக்க வேண்டும். எடுத்து, மறுபடி மாட்டி, மறுபடி எடுத்து, ஊசி தடை வரை போனதும் பென்சிலால் ஒரு புள்ளி. அடுத்த இடத்துக்குப் போகலாம். ஒரு முழு உருவத்துக்கு இப்படி நூற்றுக்கணக்கில், நுணுக்கமான வேலையென்றால் ஆயிரக்கணக்கில் புள்ளிகள்.

இத்தாலியச் சிற்பி அன்டோனியோ கனோவா (1757–1822) பிறந்த பொசாஞ்ஞோ ஊரில் அவருடைய பிளாஸ்டர் மாதிரிகள் அருங்காட்சியகமாக இருக்கின்றன. அழகான வெள்ளை உடல்கள் மேலெல்லாம் சின்னச் சின்ன உலோக ஆணித்தலைகள். அம்மை போட்டது மாதிரிக் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். அவைதான் அந்த அளவுப் புள்ளிகள்.

அப்படியானால் சிற்பி என்னதான் செய்தார்?

பட்டறைக்குப் பட்டறை பதில் மாறும். கனோவா முழு அளவு பிளாஸ்டரைத் தயார் செய்வார். உதவியாளர்கள் புள்ளி வைத்து, இறுதிப் பரப்புக்குக் கொஞ்சம் முன்வரை கல்லைக் கொண்டுவருவார்கள். கடைசி மேல்தோல் மட்டும் கனோவாவின் கை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, நிழல் விழும் விதத்தைப் பார்த்து முடித்தார் என்பார்கள். ஒரே பிளாஸ்டரிலிருந்து இரண்டாவது பிரதியும் எடுக்கலாம், அவருடைய மூன்று தேவியர் சிலை அப்படித்தான் இரண்டு இடங்களில் இருக்கிறது.

இத்தாலியச் சிற்பி பெர்னினியின் அப்பல்லோவும் தாப்னேயும் (1622–1625) சிலையில் விரல் நுனியில் முளைக்கும் இலைகளைப் பார்த்து வாய்பிளக்காதவர் இல்லை. அந்த நுண்வேலையில் பெரும்பங்கு ஜூலியானோ ஃபினெல்லி என்ற உதவியாளருடையது. பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் புகழ்பெற்ற முத்தம் சிலையைக் கல்லில் செதுக்கியவர் ழான் துர்க்கான். ரோதான் களிமண்ணின் ஆள்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அன்றைய வழக்கமே இதுதான். கல்லை முதலிலிருந்து கடைசிவரை பெரும்பாலும் தானே செதுக்கிய மைக்கலாஞ்சலோதான் விதிவிலக்கு. ஆனால் நாம் விதிவிலக்கை வைத்துத்தான் எல்லாச் சிற்பிகளையும் கற்பனை செய்துகொள்கிறோம்.

நின்றுகொண்டிருக்கும் சிலையின் கால் உடையாதா?

உடையும். மார்பிள் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும், இழுவையையும் வளைவையும் தாங்காது. வெண்கலத்தில் ஒரு காலைத் தூக்கி நிற்கும் வீரனை மார்பிளில் நகலெடுத்தால் கணுக்கால் முறிந்துவிடும். அதற்காகத்தான் ரோமானிய நகல்களில் சம்பந்தமே இல்லாமல் காலோரம் கல்லிலேயே செதுக்கிய ஒரு அடிமரம் நிற்கும், இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு கல்துண்டு ஓடும். டேவிட்டின் வலதுகாலுக்குப் பின்னாலும் ஒரு அடிமரம் இருக்கிறது. 5.17 மீட்டர் உயரம், ஐந்து டன்னுக்கு மேல் எடை. இத்தனை தாங்கல் இருந்தும் இடது கணுக்காலிலும் அந்த அடிமரத்திலும் மெல்லிய விரிசல்கள் விழுந்திருக்கின்றன.

செதுக்கும்போதும் இதே கவலைதான். நீட்டிய விரல்களுக்கு நடுவே கல்லைக் கடைசிவரை இணைப்பாக விட்டுவைத்து, எல்லாம் முடிந்த பிறகே அறுத்தெடுப்பார்கள்.

தவறிப்போனால் என்ன செய்வார்கள்?

சின்னதாக இருந்தால் மார்பிள் துண்டை வெட்டி ஒட்டுவார்கள். வேறுவேறு கற்களைச் செதுக்கி முளை வைத்துப் பொருத்துவது கிரேக்கர்களுக்குச் சகஜம். வீனஸ் டி மைலோ ஒரே கல் இல்லை, இடுப்பருகே இரண்டு பெரிய கற்கள் சேர்கின்றன.

ஒட்டித் தீராத சிக்கலும் வரும். மைக்கலாஞ்சலோ உயிர்த்தெழுந்த கிறிஸ்து சிலையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது முகத்தில் கருநரம்பு தட்டியது. அதை விட்டுவிட்டு வேறு கல்லில் மறுபடி ஆரம்பித்தார். ரோமில் சாந்தா மரியா சோப்ரா மினர்வா தேவாலயத்தில் நிற்பது அந்த இரண்டாவது சிலை.

டேவிட் கதை இதற்கு நேர்மாறு. 1464-இல் அகோஸ்தீனோ தி டூச்சோ தொடங்கி, பிறகு 1476-இல் அன்டோனியோ ரொசெல்லினோ கைக்குப் போய், இருவராலும் முடியாமல் கால்நூற்றாண்டு கிடந்த கல் அது. உயரம் உண்டு, தடிமன் போதாது, அதிலும் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. 1501-இல் 26 வயதில் அதை எடுத்த மைக்கலாஞ்சலோ 1504-இல் முடித்தார். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அந்தச் சிலை எவ்வளவு ஒல்லி என்பது தெரியும்.

கண்ணாடி மாதிரிப் பளபளப்பு எப்படி வந்தது?

தண்ணீர், பொடி, கை, பொறுமை. கரடான மணலில் தொடங்கி நாக்சோஸ் தீவின் குருந்தக்கல் பொடி, எரிமலை நுரைக்கல் என்று நுண்மையாகிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தின் கீறல் மறையாமல் அடுத்ததற்குத் தாவினால் அது கடைசிவரை நிற்கும். மைக்கலாஞ்சலோ ரோமில் செய்த பியத்தா சிலை இப்படி முழுக்க மெருகேறியது.

எல்லா இடத்தையும் ஒரே மாதிரி மினுக்கினால் சிலை பீங்கான் பொம்மையாகிவிடும். தோலுக்கு ஒரு மெருகு, துணிக்கு அரத்தின் லேசான சொரசொரப்பு, மரப்பட்டைக்கு உளித்தடம் என்று பெர்னினி பிரித்து விட்டிருப்பதைக் கவனியுங்கள். நிறம் ஒன்றே, பொருள் மட்டும் மாறும்.

பழைய கிரேக்கச் சிலைகள் வெள்ளையாகத்தான் இருந்தனவா?

இல்லை. கண், உதடு, முடி, உடை எல்லாம் வண்ணம். ரோமானியச் சிலைகளும் அப்படித்தான், ரோமுக்குப் பக்கத்தில் பிரிமா போர்ட்டாவில் கிடைத்த பேரரசர் அகஸ்டஸ் சிலை போன்றவற்றில் நிறத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. வெள்ளைதான் செவ்வியல் என்று நம்பிய மறுமலர்ச்சிக்காலச் சிற்பிகள், மண்ணுக்குள் வண்ணம் உதிர்ந்து கிடைத்தவற்றைப் பார்த்துக் கற்றவர்கள்.

தமிழ்நாட்டில் ஐரோப்பிய மார்பிள் சிற்பம் எங்கே பார்க்கலாம்?

தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் தேவாலயத்துக்குப் போங்கள். மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியார் ஷ்வார்ட்ஸை மன்னர் இரண்டாம் சரபோஜி வந்து பார்க்கும் காட்சி வெள்ளை மார்பிளில் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. சரபோஜியே சொல்லி, லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தது. சென்னைப் புனித ஜார்ஜ் கதீட்ரலில் பிஷப் ஹீபரின் நினைவுச் சிலை, ஃபிரான்சிஸ் சான்ட்ரியின் பட்டறை வேலை. ஹீபர் 1826-இல் திருச்சியில் இறந்தவர். இரண்டு இடத்திலும் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள். துணி மடிப்பின் அடி ஆழத்தையும், சிற்பம் சுவரைத் தொடும் ஓரங்களையும் பாருங்கள். மெருகு எட்டாத இடங்களில்தான் கருவித்தடம் தங்கும்.

நானே முயன்று பார்க்கலாமா? எதில் தொடங்குவது?

மாக்கல்லில் தொடங்கச் சொல்வார்கள். அது கத்தியிலேயே சுரண்டுப்படும், உளியின் சாய்வைக் கற்றுத்தராது. மார்பிள் கடையில் வீணாகப் போகும் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் வலை ஒட்டிப் பிசின் ஏற்றிய பலகை வேண்டாம், கைத்தடிமன் உள்ள கட்டித் துண்டாகப் பாருங்கள். மணல் மூட்டை மேல் வைத்தால் ஆடாது. கூர் உளி, பல் உளி, பட்டை உளி, ஒரு அரம், சுமார் முக்கால் கிலோ சுத்தியல் போதும். முதல் வேலையாக உருவம் எதுவும் வேண்டாம். ஒரு பக்கத்தைக் கூர் உளியில் தொடங்கி அரம் வரை கொண்டுவந்து, சமமான தளமாக்கிப் பாருங்கள்.

கண்ணாடி கட்டாயம், சில்லு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கருங்கல் தூசியில் இருக்கும் அளவு சிலிக்கா மார்பிளில் இருக்காது, இருந்தாலும் முகக்கவசம் போடுங்கள், தேய்ப்பதைத் தண்ணீர் விட்டே செய்யுங்கள். முடிந்ததைக் கழுவ எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் எதுவும் ஆகாது. கால்சைட் அமிலத்தில் கரையும், ஏற்றிய மெருகு நொடியில் மங்கும். வெறும் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும்.